உயிர்த்த ஞாயிறு: விழாவின் வேரும் சின்னங்களின் கதையும்



ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நம் ஊர்ப் பேரங்காடிகளில் வண்ணத்தாள் சுற்றிய சாக்லேட் முட்டைகளும் முயல் பொம்மைகளும் அடுக்கி வைக்கப்படுகின்றன. அவற்றைக் கண்ட பிள்ளைகள் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். முயல் முட்டையிடுமா? கிறித்துமசு மட்டும் ஒரே தேதியில் வருகிறதே, ஈஸ்டர் ஏன் மாறி மாறி வருகிறது? சிலுவையில் இறந்த இயேசுவுக்கும் முயலுக்கும் என்ன தொடர்பு?

மூன்றும் நல்ல கேள்விகள். ஆனால், விடை தேடி இணையத்திற்குச் செல்வோருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, "ஈஸ்டர் என்பது பாபிலோனிய இஷ்தார் தெய்வத்தின் விழா; முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்கள்" என்னும் செய்திதான். படத்துடன் வருவதால் பலரும் அதனை நம்பிவிடுகின்றனர். அது பயிற்சித்தாளில் ஏறிவிட்டால், ஒரு வகுப்பு முழுவதும் பொய்யை வரலாறாகப் படித்துவிடும். அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் கிறித்தவக் குழந்தையோ, தன் வீட்டின் தலையாய திருநாளைத் தன் ஆசிரியரே பழித்துவிட்டார் என்று எண்ணும். ஆகவே, இவ்விழாவின் வேரையும் சின்னங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. விழாவின் வேர்

ஈஸ்டர் என்பது, சிலுவையில் அறையப்பட்டு இறந்த இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்னும் நம்பிக்கையைக் கொண்டாடும் நாள். தமிழ்க் கிறித்தவர் இதனை உயிர்த்த ஞாயிறு, உயிர்ப்புப் பெருவிழா என்று அழைப்பர். உரோமை ஆளுநர் பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்ட காலத்தில் (கி.பி. 26-36) எருசலேமில் அச்சாவு நிகழ்ந்தது. அப்போது யூதர்கள் தங்கள் பாஸ்கா விழாவைக் கொண்டாட எருசலேமில் திரண்டிருந்தனர் என்று நான்கு நற்செய்தி நூல்களும் கூறுகின்றன.

பாஸ்கா என்பது யூதர்களின் விடுதலைத் திருநாள். எகிப்தில் அடிமைகளாக இருந்த இசுரயேல் மக்கள் மோசேயின் தலைமையில் வெளியேறிய இரவின் நினைவு அது. ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசப்பட்ட வீடுகளை அழிவு தீண்டாமல் கடந்து சென்றது என்பது விடுதலைப் பயண நூலின் செய்தி. எபிரேய மொழியில் இவ்விழாவிற்குப் பெசாக் என்று பெயர். 'கடந்து செல்லுதல்' என்பது அச்சொல்லுக்கு வழக்கமாகத் தரப்படும் பொருள். இயேசுவின் முதற்சீடர்கள் யூதர்களே. தங்கள் ஆசிரியரின் சாவையும் உயிர்ப்பையும் அவர்கள் பாஸ்காவின் பொருளிலேயே புரிந்துகொண்டனர். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை என்பது சாவிலிருந்து வாழ்வு என விரிந்தது. பலியான ஆட்டுக்குட்டியின் இடத்தில் கிறித்துவை வைத்துப் பேசினர். பவுல் எழுதிய மடல்களிலேயே இக்கருத்து இடம்பெற்றுவிட்டது.

இரண்டாம் நூற்றாண்டில் இவ்விழா நன்கு வேரூன்றியிருந்தது. இன்றைய துருக்கியிலுள்ள சர்தை நகரின் ஆயர் மெலித்தோ, பாஸ்காவைப் பற்றி நிகழ்த்திய உரை இன்றும் நமக்குக் கிடைக்கிறது. ஆக, இவ்விழாவின் வேர் யூத மண்ணில் இருக்கிறது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் பல குழப்பங்கள் தாமே தெளியும்.

2. நாள் ஏன் மாறுகிறது?

யூத நாள்காட்டியில் நிசான் என்பது வசந்த கால மாதம். அம்மாதத்தின் 14-ஆம் நாள் பாஸ்கா ஆடு பலியிடப்பட்டது. யூத மாதம் அமாவாசையை ஒட்டித் தொடங்குவதால், 14-ஆம் நாள் முழுநிலவை ஒட்டியே வரும். தொடக்கத்தில் சின்ன ஆசியாவின் திருச்சபைகள், எந்தக் கிழமையாயினும் அந்த 14-ஆம் நாளிலேயே விழாவைக் கொண்டாடின. உரோமையும் வேறு பல இடங்களும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பின்பற்றின. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்பு உரோமைக்குச் சென்று ஆயர் அனிசேத்துவிடம் இதைப் பற்றிப் பேசினார். இருவரும் ஒருவரையொருவர் இணங்கச் செய்ய இயலவில்லை. ஆயினும் நட்புடன் பிரிந்தனர். வேறுபட்டுக்கொண்டே நட்பாக இருக்கலாம் என்பதற்கு இதனை மாணவர்களிடம் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

கி.பி. 325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா பொதுச்சங்கம், எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. நாளடைவில் நிலைபெற்ற விதி இதுதான்: மார்ச்சு 21-ஆம் நாளன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. முழுநிலவு ஞாயிறன்றே வந்தால், அதற்கடுத்த ஞாயிறு. 2025-இல் அப்படித்தான் நடந்தது. முழுநிலவு ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. விழா ஏப்ரல் 20-இல் வந்தது.

இவ்விதியின்படி விழா மார்ச்சு 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடைப்பட்ட 35 நாள்களுள் ஒன்றில் வரும். மார்ச்சு 22-இல் கடைசியாக வந்தது 1818-இல். ஏப்ரல் 25-இல் கடைசியாக வந்தது 1943-இல். மீண்டும் அந்நாளில் 2038-இல் வரும்.

இங்கு முழுநிலவு எனப்படுவது வானில் காணும் நிலவன்று. திருச்சபையின் கணக்குப் பட்டியலில் உள்ள நிலவு. 2019-ஆம் ஆண்டு இதற்கு நல்ல சான்று. அவ்வாண்டு உலகப் பொதுநேரப்படி சம இரவுநாள் மார்ச்சு 20. வானில் முழுநிலவு மார்ச்சு 21. வானத்தை மட்டும் பார்த்திருந்தால் மார்ச்சு 24-இல் விழா வந்திருக்க வேண்டும். பட்டியலின்படியோ ஏப்ரல் 21-இல்தான் வந்தது.

கிழக்கு மரபுவழித் திருச்சபைகளில் பெரும்பாலானவை 1582-இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி திருத்திய நாள்காட்டியை இவ்விழாவிற்கு ஏற்கவில்லை. பழைய சூலியன் நாள்காட்டிப்படியே கணக்கிடுகின்றன. அதனால் 2024-இல் மேற்கில் மார்ச்சு 31-இலும் கிழக்கில் மே 5-இலும் விழா வந்தது. 2025-இல் இரண்டும் ஒரே நாளில் அமைந்தன. நிசேயா சங்கத்தின் 1700-ஆம் நிறைவாண்டில் அவ்வாறு அமைந்தது குறிப்பிடத்தக்கது.

நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்குவது மிக எளிது. தைப்பூசமும் சித்திரா பௌர்ணமியும் ஆங்கில நாள்காட்டியில் ஆண்டுதோறும் இடம் மாறுவதை அவர்கள் அறிவார்கள். சீனப் புத்தாண்டு ஏறத்தாழ ஒரு மாத எல்லைக்குள் முன்னும் பின்னும் நகர்வதையும், நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னேறி எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவதையும் கண்டிருக்கிறார்கள். நிலவை மட்டும் பின்பற்றினால் நோன்புப் பெருநாளைப் போல் சுற்றும். நிலவையும் கதிரவனையும் சேர்த்துப் பின்பற்றினால் சீனப் புத்தாண்டைப் போல் ஓர் எல்லைக்குள் ஆடும். ஈஸ்டர் இரண்டாம் வகை. பல்லின நாட்டில் வாழும் பிள்ளைக்கு இப்பாடத்தின் பாதி முன்பே தெரியும்!

3. பெயரால் எழுந்த குழப்பம்

கிரேக்கத்திலும் இலத்தீனிலும் இவ்விழாவின் பெயர் பாஸ்கா. பிரெஞ்சில் பாக், இத்தாலியத்தில் பாஸ்குவா, உருசிய மொழியில் பாஸ்கா, இந்தோனேசிய மொழியில் பாஸ்கா. அனைத்தும் எபிரேயப் பெசாக்கின் வழிவந்தவை. ஈஸ்டர் என்னும் பெயர் ஆங்கிலத்திற்கும், ஓஸ்டர்ன் என்னும் பெயர் செருமானியத்திற்கும் உரியவை. இவை எங்கிருந்து வந்தன?

இதற்குப் பழைய சான்று ஒன்றே ஒன்றுதான் உள்ளது. வட இங்கிலாந்தின் சாரோ மடத்துத் துறவியும் வரலாற்றாசிரியருமான பீட் என்பார், கி.பி. 725-இல் காலக் கணக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில், ஆங்கிலேயர் ஏப்ரலை ஒட்டிய மாதத்தை எயோஸ்தூர் மாதம் என்று அழைத்தனர் என்றும், எயோஸ்திரே என்னும் தெய்வத்திற்கு முன்பு அம்மாதத்தில் விழா எடுத்தனர் என்றும், அம்மாதப் பெயரையே பாஸ்கா காலத்திற்கு வழங்கினர் என்றும் குறிப்பிடுகிறார். அவ்வளவே. முட்டை, முயல் என்று அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

1835-இல் செருமானிய அறிஞர் யாக்கோப் கிரிம் (தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் உடன்பிறப்புகளுள் மூத்தவர்), செருமானியரும் ஓஸ்தாரா என்னும் தெய்வத்தை வணங்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். மாதப் பெயரை வைத்துச் செய்த ஊகம் அது. 1958-இல் செருமனியின் மோர்க்கன்-ஆர்ஃப் என்னும் ஊரருகே, ஒத்த ஒலியுடைய பெயரால் வழங்கப்பட்ட தாய்த்தெய்வங்களுக்கு உரோமைக் காலத்தில் பொறிக்கப்பட்ட 150-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்தன. ஆகவே, பீட் கூறிய தெய்வம் முற்றிலும் கற்பனை என்றும் தள்ளிவிட இயலாது. ஆயினும், அத்தெய்வம் இருந்தாள் என்றே கொண்டாலும், அவள் தந்தது பெயரை மட்டுமே. ஆங்கிலேயர் கிறித்தவராவதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முன்பே கிழக்கு நாடுகளில் இவ்விழா கொண்டாடப்பட்டு வந்தது.

இஷ்தார் கதைக்கு வருவோம். இஷ்தார் பழைய மெசபொத்தேமியாவின் பெருந்தெய்வம். சிங்கமும் எட்டுமுனை விண்மீனும் அவளுடைய சின்னங்கள். முட்டையும் முயலும் அல்ல. ஈஸ்டர், இஷ்தார் என்னும் ஒலி ஒப்புமை ஆங்கிலத்தில் மட்டுமே தோன்றுவது. பாஸ்கா என்று சொல்லும் நாடுகளில் இவ்வாதம் எழவே வழியில்லை. இக்கருத்தைப் பரப்பியவர் அலெக்சாண்டர் இஸ்லோப் என்னும் ஸ்காட்லாந்துச் சமய போதகர். கத்தோலிக்கத் திருச்சபையின் வழக்கங்கள் பாபிலோனிலிருந்து வந்தவை என்று நிறுவ முயன்று, 1853-இல் சிறு வெளியீடாகவும் 1858-இல் விரிந்த நூலாகவும் அவர் எழுதியதில் இஃது இடம்பெற்றது. கிறித்தவத்தின் ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினரைச் சாட எழுதியது, இன்று கிறித்தவம் முழுவதையும் சாடப் பயன்படுகிறது!

4. முட்டை

முட்டை ஏன் இவ்விழாவோடு சேர்ந்தது என்பதற்கு வீட்டுச் சமையலறையே ஒரு விடை தருகிறது. ஈஸ்டருக்கு முன் 40 நாள் தவக்காலம். இடைக்கால ஐரோப்பாவில் அந்நாள்களில் இறைச்சியோடு பாலும் முட்டையும் விலக்கப்பட்டிருந்தன. கோழிகளுக்கோ தவக்காலம் தெரியாது. அவை முட்டையிட்டுக்கொண்டே இருந்தன. விழா வந்தபோது வீட்டில் முட்டைகள் குவிந்திருந்தன. நோன்பு முடித்து உண்ணும் முதல் உணவுகளுள் முட்டை இடம்பெற்றது இயல்பே. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் 1290-ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில், அலங்கரித்து வழங்குவதற்கென 450 முட்டைகள் 18 பென்சுக்கு வாங்கப்பட்ட செலவு பதிவாகியுள்ளது.

இத்துடன் பொருளும் சேர்ந்தது. மூடிய கல்லறை போன்ற ஓட்டை உடைத்துக்கொண்டு உயிர் வெளிப்படுகிறது. கிழக்குத் திருச்சபையினர் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவர். அது கிறித்துவின் இரத்தத்தைக் குறிக்கும் என்பர். உக்ரேனியர் பைசாங்கா என்னும் முட்டைகளை மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்து உருவாக்குகின்றனர். நம் நாட்டு பாத்திக் துணியைச் செய்யும் அதே நுட்பம்தான். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஓவியப் பாடத்தில் இவ்விரண்டையும் சேர்த்துக் காட்டலாம். உருசியப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டர் 1885-இல் தம் அரசிக்கு அளிப்பதற்காக ஃபாபெர்ஷே பொற்கலைக்கூடம் முதல் அணிமுட்டையைச் செய்தது. சாக்லேட் முட்டையோ தொழிற்புரட்சியின் குழந்தை. இங்கிலாந்தில் ஃபிரை நிறுவனம் 1873-இலும் காட்பரி நிறுவனம் 1875-இலும் அதனை விற்கத் தொடங்கின.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஈரானியர் தம் வசந்தப் புத்தாண்டாகிய நவ்ரூசுக்கு முட்டையில் வண்ணம் தீட்டுகின்றனர். நம் சீன நண்பர்கள் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்ததும் சிவப்பு முட்டை வழங்குகின்றனர். சீனரின் சிவப்பு முட்டையிலிருந்து கிரேக்கரின் சிவப்பு முட்டை வந்தது என்று யாரும் கூறுவதில்லை. முட்டையைக் கண்ட எந்த மக்களுக்கும் உயிரின் நினைவு வரும். ஒத்திருப்பதெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததாகாது. வரலாற்றைக் கற்பிக்கும்போது இவ்வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும்.

5. முயல்

முட்டையை விட முயல் மிகவும் இளையது. ஈஸ்டர் முயலைப் பற்றிய விரிவான பழைய குறிப்பு 1682-இல் கிடைக்கிறது. கேயோர்க் ஃபிராங்க் என்னும் செருமானிய மருத்துவர், ஈஸ்டர் முட்டைகளைப் பற்றி இலத்தீனில் எழுதிய ஆய்வில் அது வருகிறது. அல்சேசு முதலிய பகுதிகளில் முயல் முட்டையிட்டுத் தோட்டத்துப் புல்லில் ஒளித்துவைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதாகவும், பிள்ளைகள் அவற்றைத் தேடி மகிழ்வதாகவும் அவர் குறிப்பிடுகிறார். அதனை அவரே கட்டுக்கதை என்கிறார். மருத்துவரல்லவா, முட்டையை மிகுதியாக உண்பதன் தீங்கையும் எச்சரிக்கிறார்!

இக்கதையைச் செருமானியக் குடியேறிகள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து அது வணிகத்தின் துணையோடு உலகெங்கும் பரவியது. 1874-இல் அடோல்ஃப் ஓல்ட்சுமான் என்பார், முயல் ஓஸ்தாராவின் விலங்காக இருக்கலாம் என்று எழுதினார். கிரிம்மின் ஊகத்தின் மேல் கட்டப்பட்ட மற்றோர் ஊகம் அது. தெய்வம் ஒரு பறவையை முயலாக்கினாள் என்று இன்று கூறப்படும் 'பழங்கதை' இதற்குப் பின்னரே வளர்ந்தது.

முயலுக்கும் கிறித்தவ நம்பிக்கைக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதற்கு, நாட்டுக்கு நாடு ஆள் மாறுவதே சான்று. பிரான்சில் முட்டைகளைக் கொண்டு வருபவை முயல்கள் அல்ல. உரோமைக்குப் பறந்துபோய்த் திரும்பும் கோயில் மணிகள்! ஆஸ்திரேலியாவில் முயல் பயிரை அழிக்கும் கேடாகக் கருதப்படுவதால், அருகிவரும் பில்பி என்னும் சிறு விலங்கின் வடிவிலும் சாக்லேட் செய்து விற்கின்றனர். 

6. ஆடு, ஒளி, மலர்

திருச்சபையின் உள்ளே நுழைந்தால் காணும் சின்னங்கள் வேறு. ஆட்டுக்குட்டி பாஸ்காவிலிருந்து நேரே வந்தது. இரண்டாவது, ஒளி. சனிக்கிழமை இரவு கோயில் விளக்குகளை அணைத்து, வெளியே புதுத்தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றுவர். அதன்மேல் கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் இறுதி எழுத்தும் அவ்வாண்டின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வொளியிலிருந்து ஒவ்வொருவரும் தம் கைத்திரியை ஏற்றிக்கொள்ள, இருண்ட கோயில் சிறிது சிறிதாக ஒளி பெறும்.

மேலைநாட்டுக் கோயில்களை அணிசெய்யும் வெண்ணிற ஈஸ்டர் அல்லி மலர் ஐரோப்பியச் செடியன்று. சப்பானின் ரியூக்கியூ தீவுகளும் தைவானும் அதன் தாயகம். நம் ஆசியாவிலிருந்து சென்ற மலரே அது.

வசந்தம் என்னும் பருவத்தையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஈஸ்டர் இலையுதிர் காலத்தில் வருகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வசந்தமே இல்லை. வசந்தம் இல்லாத ஊரிலும் விழா குறைவின்றி நடக்கிறது என்றால், அதன் உயிர் பருவத்தில் இல்லை என்பது தெளிவு.

7. தமிழரும் இவ்விழாவும்

தமிழ்க் கிறித்தவர் இவ்விழாவைத் தம் மண்ணின் சொற்களால் ஏற்றனர். தவக்காலம் தொடங்கும் நாள் விபூதிப் புதன், திருநீற்றுப் புதன் என்றே பலராலும் வழங்கப்படுகிறது. நெற்றியில் சாம்பல் பூசும் சடங்கிற்குத் தமிழர் தம்மிடம் இருந்த சொல்லையே எடுத்துக்கொண்டனர். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. எருசலேம் மக்கள் பேரீச்ச ஓலை ஏந்தினர் என்று நூல் கூற, நம்மவர் தென்னங்குருத்தை ஏந்துகின்றனர். தமிழ் விவிலியத்தில் கத்தோலிக்கர் பாஸ்கா என்றும் சீர்திருத்தச் சபையினர் பஸ்கா என்றும் எழுதுவர். தமிழகத்திலும் இலங்கையிலும் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடக மரபும் உண்டு. சிங்கப்பூரில் 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து மாதா ஆலயத்தில் இன்றும் தமிழில் வழிபாடு நடைபெறுகிறது.

சிங்கப்பூரில் பெரிய வெள்ளி பொது விடுமுறை. மலேசியாவில் சபா, சரவாக் மாநிலங்களில் மட்டும் விடுமுறை. 1968-இல் சிங்கப்பூர் அரசு பொது விடுமுறைகளைக் குறைத்தபோது, தைப்பூசம் பட்டியலிலிருந்து நீங்கியதைத் தமிழர் பலர் இன்றும் நினைவுகூர்வர். அதே ஆண்டில் ஈஸ்டர் திங்களும் நீங்கியது என்பதைப் பலர் அறியார். இழப்பிலும் அண்டை வீட்டாரோடு நாம் பங்காளிகளாக இருந்திருக்கிறோம்.

இன்னொன்றையும் கூறாமல் விடுவதற்கில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்டவர்களுள் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே வந்திருந்த தமிழ்ச் சிறார்களும் இருந்தனர். பிறர் சமயத்தைப் பற்றிய அறியாமையும் வெறுப்பும் எங்குப் போய் முடியும் என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது.

8. வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

ஒரு சமயத்தின் விழாவை அறிந்துகொள்வது அச்சமயத்தைத் தழுவுவதாகாது. நன்னெறிக் கல்வி வேளையில் இவ்விழாவைப் பேசினால் பெற்றோர் ஐயுறத் தேவையில்லை. 'கிறித்தவர் இவ்வாறு நம்புகின்றனர்' என்று சொன்னால் போதும். ஏற்கவும் வேண்டா, பழிக்கவும் வேண்டா.

மாணவர்களைக் கரும்பலகையில் மூன்று பிரிவுகள் வரையச் சொல்லலாம். சான்று உறுதியாக உள்ளவை: பாஸ்காவின் வேர், நாள் கணக்கு, 1290-ஆம் ஆண்டு முட்டைக் கணக்கு. சான்று குறைவாயினும் வாய்ப்புள்ளவை: எயோஸ்திரே என்னும் தெய்வம். சான்றே இல்லாதவை: இஷ்தாரின் முட்டை, பறவையாக இருந்த முயல். ஒவ்வொரு செய்தியையும் அதற்குரிய பிரிவில் எழுதும்போது, 'யார் சொன்னார்? எப்போது சொன்னார்? எதைக் கொண்டு சொன்னார்?' என்று கேட்கும் பழக்கம் வரும்.

அதே மூன்று பிரிவுகளைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரைந்து பார்க்கவும் நாம் அணியமாக இருக்க வேண்டும். பிறர் விழாவிற்குச் சான்று கேட்டுவிட்டு, நம் விழாவிற்கு வந்த செய்தியை மட்டும் ஆராயாமல் பகிர்வது நேர்மையாகாது. முதலில் அந்தப் பலகையில் எழுத வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

கிறித்தவ மாணவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

அன்புடன்,
தமிழாசிரியர் ஒருவர்